வெண்புள்ளிக்கு நல்ல டாக்டரைத் தேடுவது எப்படி?

"நிரந்தரத் தீர்வு" என்று டிவியில் வரும் விளம்பரங்களை முதலில் விட்டுத்தள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியது எம்.டி. டி.வி.எல். அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் டாக்டர்; அவர் பெயர் மருத்துவக் கவுன்சில் பதிவில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். பணம் இடித்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போங்கள்.

நேரோபேண்ட் யுவிபி ஒளி சிகிச்சை இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள், ஏனென்றால் வாரத்துக்கு 2, 3 தடவை எனப் பல மாதம் போக வேண்டியிருக்கும், அதனால் தூரத்துப் பெரிய டாக்டரைவிட வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்தான் என்னைக் கேட்டால் மேல். நல்ல டாக்டர் வுட்ஸ் விளக்கில் (வெள்ளைப் புள்ளிகளைத் தெளிவாகக் காட்டும் புற ஊதா விளக்கு) பார்ப்பார், தேவைப்பட்டால் தைராய்டு டெஸ்ட் எழுதுவார், முகத்தில் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம், விரல் நுனியில் கஷ்டம் என்று உள்ளதைச் சொல்வார். அப்புறம், புள்ளி இன்னும் பரவிக்கொண்டிருக்கும்போதே ஆபரேஷனுக்கு அவசரப்படுத்தினால், கண்டிப்பாக இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள்.