செத்த காலேஜுக்குப் பிள்ளைகளோடு: விடுமுறையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய சென்னைக்காரர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்பார்கள். மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்று பெயர். என் பாட்டி கடைசிவரை இப்படித்தான் சொன்னார். இரண்டும் ஒரே இடத்தில் பிறந்தவை. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளரான எட்வர்டு பால்ஃபர் என்ற மருத்துவர், சில ஆண்டுகளிலேயே அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைத்துக் காட்டினார். அவை பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின, 1980களில் மிருகக்காட்சி சாலையே வண்டலூருக்குப் போனது. எழும்பூரில் எலும்பும் கல்லும் செம்பும் தங்கின.

என் மகளை முதல் தடவை அங்கே கூட்டிக்கொண்டு போனபோது அவளுக்கு ஆறு வயது. மே மாதம். மூன்று மணி நேரம் கையைப் பிடித்து ஒவ்வொரு கட்டடமாக இழுத்துக்கொண்டு போனேன். திரும்பும்போது எது பிடித்தது என்று கேட்டேன். மரத்தடியில் பொறுக்கிய தூங்குமூஞ்சிக் காயைக் காட்டினாள். அன்றைக்கு அவள் தானாக நின்று, தானாகக் குனிந்து, தானாக எடுத்துப் பார்த்தது அது ஒன்றைத்தான். மற்ற எல்லாவற்றையும் நான் அல்லவா பார்க்க வைத்தேன்! அதற்குப் பிறகு பல விடுமுறைகள் போய்விட்டோம். என்னென்ன தவறு செய்தேன், மற்றப் பெற்றோர்கள் எதைச் செய்யப் பார்க்கிறேன் என்பதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம்

மற்றத் தவறுகள் பலவும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன. டிக்கெட் வாங்கியாயிற்று, இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒன்றையும் விடக்கூடாது. எழும்பூரில் மட்டும் நாற்பதுக்கு மேல் காட்சிக்கூடங்கள் இருக்கின்றன. பெரியவர்களுக்கே இரண்டாவது கட்டடத்தில் கால் கடுக்கும். பிள்ளைகளுக்குக் கண் கடுத்துவிடும். எதைப் பார்த்தாலும் இன்னொரு சிலை, இன்னொரு கண்ணாடிப் பெட்டி என்றுதான் தெரியும்.

இப்போது எங்கள் வழக்கம், ஒரு நடைக்கு இரண்டு கூடம், மொத்தம் ஐந்து பொருள். அதில் ஒன்றை நான் தேர்ந்தெடுப்பேன், மற்ற நான்கும் பிள்ளைகளின் விருப்பம். மிச்சத்தைக் காலாண்டு விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம்.

ஐந்து பொருள் போதுமா என்று கேட்பவர்கள், ஒரே பொருளின் முன்னால் பத்து நிமிடம் நின்று பாருங்கள். திருவெண்காட்டில் கிடைத்த அர்த்தநாரீசுவரர் செப்புத் திருமேனி இங்கே இருக்கிறது. சோழர் காலத்தது. பிள்ளையிடம் ஒன்றும் சொல்லாமல் கைகளை மட்டும் எண்ணச் சொல்லுங்கள். மூன்று வரும். தப்பாக எண்ணிவிட்டோம் என்று நினைத்து மறுபடி எண்ணுவார்கள், மறுபடியும் மூன்றுதான். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒரு கை. அது பிடிபட்டதும் வலமும் இடமும் வேறு எங்கெல்லாம் மாறுகின்றன என்று அவர்களே தேட ஆரம்பித்துவிடுவார்கள். இடுப்பின் வளைவு, ஆடை, காது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிப்பார்கள். ஒரு தடவை ஒன்பது வயதுப் பையன் ஒருவன் இப்படிப் பார்த்துவிட்டு, "நடுவுல கோடு எங்க இருக்கு?" என்று கேட்டான். சிற்பி அந்தக் கோட்டைக் காட்டாமல் மறைத்ததுதான் அந்தச் சிலையின் அழகு. பையன் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டான்.

திருவாலங்காட்டு நடராசரின் முன்னால் பிள்ளைகளை அதே மாதிரி நிற்கச் சொல்லலாம். ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நின்றால், இத்தனை கனமான உலோகத்தை அந்த வார்ப்புக்காரர் எப்படிச் சாயாமல் நிறுத்தினார் என்ற கேள்வி தானாக வரும். சின்னஞ்சிறுசுகள் என்றால் திமிங்கல எலும்புக்கூட்டிலிருந்து தொடங்குவது நல்லது. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு எத்தனை அடி வைத்து நடக்கிறோம் என்று எண்ணட்டும். துடுப்பின் எலும்பைக் காட்டி, "உன் கையில் இருப்பது மாதிரி ஏதாவது தெரிகிறதா?" என்று கேளுங்கள். விரல் விரலாக இருப்பதைப் பார்த்துத் தங்கள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள்.

விடுமுறையிலும் பரீட்சை

பெயர்ப்பலகையைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "எந்த நூற்றாண்டு சொன்னேன்?" என்று கேட்கும் பெற்றோரை எல்லாக் கூடத்திலும் பார்க்கலாம். பாவம், முழு ஆண்டுத் தேர்வு எழுதி முடித்த களைப்பே அந்தப் பிள்ளைக்கு இன்னும் போயிருக்காது. பலகையில் இருக்கும் பதிலைக் கேட்பதை விடுங்கள். பொருளில் இருக்கும் பதிலைக் கேளுங்கள். இதில் எந்த இடம் தேய்ந்திருக்கிறது? இதைத் தூக்க எத்தனை பேர் வேண்டும்? நம் வீட்டில் இந்த வேலையை இப்போது எது செய்கிறது? பதில் தெரியாதபோது "எனக்கும் தெரியலையே, வா பார்ப்போம்" என்று சொல்வதில் ஒரு குறையும் இல்லை. காவலுக்கு இருக்கும் ஊழியர்களைக் கேட்டாலும் சொல்வார்கள். வருடக்கணக்கில் அந்தப் பொருள்களோடு இருப்பவர்கள் அவர்கள். "சேட்டை பண்ணினா அந்த அங்கிள் பிடிச்சிட்டுப் போயிடுவார்" என்று அவர்களைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். வணக்கம் சொல்லக் கற்றுக்கொடுத்தால் பிள்ளையின் கேள்விக்கு அவர்களிடமிருந்தே பதில் வரும்.

கதை இல்லாமல் கூட்டிப் போவது

கற்கோடரியை முதல் முறை பார்க்கும் குழந்தைக்கு அது வெறும் கல்தான். அங்கே போய் நின்றுகொண்டு விளக்கினாலும் ஏறாது. கதை முன்னாலேயே வந்திருக்க வேண்டும்.

எங்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் எழும்பூருக்குப் போகும்போது வழியில் பல்லாவரம் வருகிறது. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் தேதி, அதாவது நம் கோடை விடுமுறைச் சமயத்தில், ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்தில் செம்மண் சரளை தோண்டிய ஒரு பள்ளத்திலிருந்து ஒரு கல்லை எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கல் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்களா என்ற தேடலே அங்கிருந்துதான் தொடங்கியது. சில மாதங்கள் கழித்து, இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள அத்திரம்பாக்கத்திலும் அவர் கருவிகளைக் கண்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளில் பழமையானவை சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தையவை என்று பிற்கால ஆய்வு சொல்கிறது. பூட் வாழ்நாளெல்லாம் சேர்த்த கருவிகளை 1904இல் அரசு வாங்கி இந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தது.

ரயில் பல்லாவரத்தில் நிற்கும் அரை நிமிடத்தில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். ஜன்னல் வழியாகத் தண்டவாளத்தின் ஜல்லியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். எழும்பூரில் கற்கருவிகள் இருக்கும் பெட்டிக்குப் பிள்ளைகள் ஓடுவார்கள். சாதாரணக் கல்லுக்கும் செதுக்கிய கல்லுக்கும் என்ன வித்தியாசம், எந்தப் பக்கத்தைக் கையில் பிடித்திருப்பார்கள் என்று அவர்களே பேசத் தொடங்குவார்கள்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று கட்டாயம் இருக்கும். மதுரைப் பக்கத்தவர்களுக்குக் கீழடி இருக்கிறது. 2023இல் திறந்த அந்த அருங்காட்சியகத்துக்குப் போவதற்கு முந்தின நாள், உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைத் தேய்த்து வட்டமாக்கி வாசலில் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுங்கள். மறுநாள் அங்கே பானை ஓட்டைத் தேய்த்துச் செய்த வட்டச் சில்லுகளைப் பார்க்கும்போது பிள்ளைகள் உங்களைத் திரும்பிப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே இதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பானை ஓட்டில் 'ஆதன்' என்று தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் கீறிய பெயரைக் காட்டுங்கள். தன் தண்ணீர் பாட்டிலில் தானும் பெயர் எழுதி வைத்திருப்பது அவர்களுக்கு நினைவு வரும்.

'தொடாதே' என்று மட்டும் சொல்வது

தொடாதே என்று பத்துத் தடவை அதட்டுவதைவிட ஏன் தொடக்கூடாது என்று ஒரு தடவை காட்டினால் போதும். அதை வீட்டிலேயே செய்யலாம். புளி போட்டுத் துலக்கிய பித்தளைச் சொம்பு ஒன்றை எடுத்து, வியர்த்த கையால் பிள்ளையை நன்றாக அழுத்தித் தொடச் சொல்லுங்கள். துடைக்காமல் சில நாள் அப்படியே விட்டால் விரல் பதிந்த இடம் கறுத்துத் தெரியும். வியர்வையில் உள்ள உப்பும் எண்ணெயும் செய்த வேலை. சொம்பைத் திரும்பத் துலக்கிக்கொள்ளலாம், ஆயிரம் வருடத்துச் சிலையை அப்படித் துலக்க முடியாது. உப்பு புகுந்த செப்புச் சிலை பச்சையாகப் பூத்து உதிரத் தொடங்கும். அதைத் தடுப்பதற்கென்றே எழும்பூரில் 1930 முதல் ஒரு ரசாயன ஆய்வுக்கூடம் இருக்கிறது. இதைச் சொல்லிக் கூட்டிப்போன பிள்ளை மற்றவர்களிடம் போய்த் தொடாதீர்கள் என்று சொல்லும்.

ஆனால் பிள்ளைகளுக்குத் தொட வேண்டும் என்ற ஆசை இருக்கிறது, அது நியாயமானதுதான். சின்னக் குழந்தைகளுக்கு அதற்கென்று ஒரு நாள் ஒதுக்குங்கள். முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய பகுதிகளின் பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். திண்ணையில் உட்காரலாம், முற்றத்தில் ஓடலாம், களிமண்ணில் கை வைக்கலாம். நான்கு வயதுக்காரருக்கு எழும்பூரைவிட அது பொருத்தம். ரயில் பைத்தியமான பிள்ளை என்றால் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள்.

சாவைப் பற்றிய கேள்வியை மழுப்புவது

ஆதிச்சநல்லூரிலிருந்து வந்த முதுமக்கள் தாழியைப் பார்த்ததும், "இதுக்குள்ள என்ன வச்சிருந்தாங்க?" என்ற கேள்வி வரும். அரிசி என்று சொல்லி நகர்ந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். இறந்தவரை அதில் வைத்து, அவருக்குப் பிடித்த பொருள்களையும் கூட வைத்துப் புதைத்தார்கள் என்று மெதுவாகச் சொன்னால் பிள்ளைகள் பயப்படுவதில்லை. நாங்கள் சொன்னபோது என் மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தாத்தாவுக்கு நாம என்ன வச்சிருப்போம்?" என்று கேட்டாள். மூக்குக்கண்ணாடி என்றேன். ரேடியோ என்றாள். என் அப்பாவைப் பற்றி நாங்கள் அவ்வளவு நேரம் பேசியது அன்றைக்குத்தான்.

மதுரை காந்தி அருங்காட்சியகம் மட்டும் கொஞ்சம் வேறு. சுடப்பட்ட நாளில் காந்தி அணிந்திருந்த, இரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதைப் பற்றி வாசலுக்கு வெளியிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்க வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் விட்டுவிடுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்

வார விடுமுறை எந்த நாள் என்று பார்க்காமல் கிளம்பாதீர்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். ஒருமுறை வேறொரு ஊரில் இரண்டு பேருந்து மாறிப் போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம், பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பராமரிப்புக்காகச் சில கூடங்கள் மூடியிருக்கலாம் என்பதால் டிக்கெட் கவுண்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோடையில் திறந்ததும் உள்ளே போய்விட வேண்டும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு வெயிலில்தான் நடக்க வேண்டும், பதினோரு மணிக்கு மேல் தாங்காது. வயிறு நிறைந்த பிறகு கிளம்புங்கள். தயிர்சாத டப்பாவை வெளியே மரத்தடியில் பிரியுங்கள். உள்ளே சிந்தும் ஒரு பருக்கைக்கு எறும்பு வரும், கரப்பான் வரும். அப்புறம் அவை பாடம் செய்து வைத்த பறவைகளையும் பழைய துணிகளையும் தேடிப் போகும்.

செல்போனை என் பையிலேயே வைத்துவிடுவேன். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் போதும். பேனா வேண்டாம், மை எதன்மேலாவது பட்டால் போகாது. ஒரே ஒரு பொருளை வரையட்டும். படம் நன்றாக வர வேண்டியதில்லை. வரையும்போதுதான் யானையின் காதில் எத்தனை மடிப்பு என்று பார்ப்பார்கள். வயது வித்தியாசம் உள்ள பிள்ளைகள் என்றால், பெரியதிடம் ஒரு பொருளின் கதையை முந்தின இரவே சொல்லிக்கொடுத்து, சின்னதுக்கு அதை விளக்கும் பொறுப்பைக் கொடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டதாக விடாதீர்கள். ஒரு செருப்பு அட்டைப்பெட்டி போதும், பிள்ளைகள் தங்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எண், பெயர், கிடைத்த இடம், தேதி, எடுத்தவர் பெயர் எழுதிச் சீட்டு ஒட்ட வேண்டும். உண்மையான அருங்காட்சியகத்திலும் எந்தப் பொருளையும் இப்படித்தான் பதிவேட்டில் ஏற்றுகிறார்கள். எங்கள் வீட்டுப் பெட்டியில் 1ஆம் எண், காய்ந்து கறுத்துப்போன அந்தத் தூங்குமூஞ்சிக் காய். ஆட்டினால் உள்ளே விதை இன்னும் கலகலவென்கிறது.