வண்டி ஓட்டாத அப்பாவுக்கு அடையாள அட்டை: என் அனுபவம்

பார்வை மங்கியதும் அப்பா வண்டி ஓட்டுவதை நிறுத்திக்கொண்டார். ஓட்டுநர் உரிமத்தையும் புதுப்பிக்கவில்லை. வீட்டோடு இருப்பவருக்கு அடையாள அட்டை எதற்கு என்று உறவினர்கள் கேட்டார்கள். பிறகு வங்கிக் கணக்கில் என் பெயரையும் சேர்க்கப் போனோம். உரிமம் காலாவதியாகிவிட்டதால் செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உண்மையில் வயதான பிறகுதான் அட்டைக்கு வேலை அதிகம். ஓய்வூதியம், மருத்துவமனைச் சேர்க்கை, உயில், பிள்ளைகளுக்கு அதிகாரப் பத்திரம் என்று எதை எடுத்தாலும் முதலில் படத்தோடு கூடிய சான்றைத்தான் கேட்கிறார்கள். வழி தவறிப் போனாலும், வெளியே மயங்கி விழுந்தாலும் அந்த அட்டைதான் அவருக்காகப் பேசும்.

சரி, புது அட்டைக்கு விண்ணப்பித்தோம். பெரிய சிக்கல் பெயரில்தான் வந்தது. ஒரு சான்றிதழில் முழுப்பெயர், இன்னொன்றில் வெறும் முதலெழுத்து. இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதி இணைத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். அப்புறம் கைரேகை. வயதானால் ரேகை தேய்ந்துவிடும், தோலும் வறண்டிருக்கும். விரல்களை ஈரத்துணியால் துடைத்து, கொஞ்சம் பொறுத்து வைத்ததும் பதிந்தது.

உங்கள் வீட்டுப் பெரியவரின் உரிமம் இன்னும் காலாவதியாகவில்லை என்றால் இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அந்த உரிமத்தையே சான்றாகக் காட்டலாம், பாதி அலைச்சல் குறையும். நடக்க முடியாதவர் என்றால், வீட்டுக்கே வந்து பதிவு செய்வார்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.