வைஃபை டிரைவர் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மடிக்கணினியில் வைஃபை அடிக்கடி அறுந்தால் டிரைவரை, அதாவது வைஃபை கார்டை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருளை, புதுப்பிக்க வேண்டும் என்பது பலருக்கும் தெரிகிறது. எந்த டிரைவரை, எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பழுதுபார்க்க வரும் புதியவர்கள் திரும்பத் திரும்பச் சறுக்குகிறார்கள். ரவுட்டர் இயங்குகிறதா என்பது போன்ற எளிய சோதனைகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

மாடல் பெயரை மட்டும் வைத்துத் தேடுவது

ஒரே மாடல் பெயரில் விற்கப்படும் இரண்டு மடிக்கணினிகளில், ஒன்றில் இன்டெல் வைஃபை கார்டும் மற்றதில் ரியல்டெக் கார்டும் இருக்கலாம். அதனால் தயாரிப்பாளரின் பக்கத்தில் அந்த மாடலுக்கு இரண்டு மூன்று வைஃபை டிரைவர்கள் வரிசையாக இருக்கும். அவற்றில் நமக்குரியது எது என்று அந்தப் பக்கம் பெரும்பாலும் சொல்லாது.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவர் அந்த வரிசையில் முதலில் இருந்ததை நிறுவியிருக்கிறார். அது வேறு கார்டுக்குரியது என்பதால் எதுவும் மாறவில்லை. அடுத்து, தேடலில் மேலே வந்த விளம்பரத்தை நம்பி, எல்லா டிரைவர்களையும் தானே புதுப்பிப்பதாகச் சொன்ன ஒரு மென்பொருளுக்கு ஓராண்டுச் சந்தா கட்டியிருக்கிறார். அது வைஃபையைச் சரிசெய்யவில்லை. ஒழுங்காக இயங்கிய டச்பேடின் டிரைவரை மாற்றிக் கெடுத்துவிட்டது. அவருக்கு வேண்டிய டிரைவர், தயாரிப்பாளரின் அதே பக்கத்தில், மூன்றாவது வரியில், இலவசமாக இருந்தது. படிக்கும் பிள்ளையின் பணம் இப்படிப் போவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது, ஏனெனில் பார்க்க வேண்டிய குறியீடு அவருடைய கணினிக்குள்ளேயே இருந்தது.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்ஸ் பகுதியில் வைஃபை கார்டின் ப்ராப்பர்ட்டீஸுக்குச் சென்று, டீடெயில்ஸ் பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். டிரைவரே இல்லாத கார்டு, அதர் டிவைசஸ் என்ற பகுதியில் மஞ்சள் குறியுடன் நெட்வொர்க் கன்ட்ரோலர் என்று தெரியக்கூடும். ஹார்டுவேர் ஐடிஸில் வரும் நீண்ட குறியீட்டில் ‘விஇஎன்’ என்பதை அடுத்த நான்கு இலக்கங்கள் கார்டிலுள்ள சிப்பைத் தயாரித்தவரைக் காட்டும்: 8086 என்றால் இன்டெல், 10இசி என்றால் ரியல்டெக், 14சி3 என்றால் மீடியாடெக், 168சி என்றால் குவால்காம் அத்தெரோஸ். ‘டிஇவி’ என்பதை அடுத்த நான்கும் எந்தச் சிப் என்பதைக் காட்டும். இதைக் குறித்துக்கொண்டு, முதலில் மடிக்கணினித் தயாரிப்பாளரின் பக்கத்திலும், அங்கே கிடைக்காவிட்டால் சிப் தயாரிப்பாளரின் பக்கத்திலும் தேடுங்கள்.

‘சிறந்த டிரைவர் ஏற்கெனவே உள்ளது’ என்ற செய்தியை நம்புவது

அப்டேட் டிரைவரை அழுத்தும்போது டிவைஸ் மேனேஜர் இப்படிச் சொல்லலாம். ஆனால் தயாரிப்பாளரின் தளத்தைத் தேடிப் பார்த்துவிட்டு அது இதைச் சொல்வதில்லை. விண்டோஸ் அப்டேட்டின் ஆப்ஷனல் அப்டேட்ஸ் பகுதியையும் பாருங்கள்.

ப்ளூடூத்தை மறப்பது

வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் கார்டு பெரும்பாலும் ஒன்றுதான் என்றாலும் ப்ளூடூத்தின் டிரைவர் தனி.

கோளாறு இல்லாதபோது மாற்றுவது

பாதுகாப்புத் திருத்தம் வந்தாலன்றி வேண்டாம்.

புதியது கைக்கு வருமுன் பழையதை அழிப்பது

அன்இன்ஸ்டால் செய்யும்போது டிரைவரையும் நீக்கவா என்று கேட்கும் கட்டத்தில் குறியிட்டுவிட்டால், பழைய டிரைவருக்குத் திரும்பும் வழி அடைபட்டுவிடும். இணையக் கேபிள் துளை இல்லாத மெல்லிய மடிக்கணினிகளில் புதியதைப் பதிவிறக்க இணையமும் இருக்காது. புதிய கோப்பை முதலில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். ஏற்கெனவே அழித்திருந்தால், ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கம்பியால் இணைத்து யூஎஸ்பி டெதரிங்கை இயக்குங்கள். பெரும்பாலான விண்டோஸ் கணினிகளுக்கு அதன் வழியாக இணையம் கிடைத்துவிடும்.