டை கட் பூக்களோடு ஒரு வாழ்த்து அட்டை: முதல்முறை செய்பவர்களுக்கு

அச்சடித்த வாழ்த்து அட்டையில் பூ வெறும் படம். டை கட் அட்டையில் இதழ் விரலில் தட்டுப்படும், அதன் நிழல் பின்னால் இருக்கும் தாளில் விழும். கையால் செய்து கொடுப்பதில் எனக்கு மிகப் பிடித்தது இந்த நிழல்தான். வெட்டுவதை மெஷின் பார்த்துக்கொள்ளும். அட்டைக்கு உயிர் வருவது நாம் அடுக்கும் விதத்தில். அதனால் டைகளை வாங்கிக் குவிக்க வேண்டாம். இந்த அட்டைக்கு ஒரு வட்டம், ஒரு இலைக்கொடி, இரண்டு அளவில் ஒரு பூ, இவ்வளவு போதும்.

டை என்பது மெல்லிய எஃகுத் தகடு. அதன் ஒரு பக்கத்தில் உருவத்தின் ஓரம் கூராக எழும்பி நிற்கும். அதைத் தாளின் மேல் வைத்து, கைப்பிடி சுற்றும் சின்ன மெஷினில் இரண்டு உருளைகளுக்கு நடுவே அனுப்பினால், அழுத்தத்தில் தாள் அதே உருவத்தில் வெட்டுப்படும். மெஷின் இல்லாதவர்கள் கிராஃப்ட் பஞ்ச் (கையால் அழுத்தினால் தாளை ஒரு உருவமாக வெட்டும் சின்னக் கருவி) வைத்தோ, உருவத்தைப் பிரிண்ட் எடுத்துக் கத்தரியால் வெட்டியோ இதே அட்டையைச் செய்யலாம். கொடி மட்டும் கொஞ்சம் எளிமையாக இருக்கட்டும்.

தாள்

அடிப்படை அட்டைக்கு 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை உள்ள வெள்ளைத் தாள். அதைவிட மெல்லியது பூக்களின் கனம் தாங்காமல் முன்னால் சாயும். பூ, இலைகளுக்கு 160 முதல் 200 ஜிஎஸ்எம் போதும். கெட்டியான தாளில் இதழ் வளையாது. நடு அடுக்குக்குக் கரும்பச்சை, மேல் அடுக்குக்கு வெளிர் சந்தன நிறம். பூவின் நிறம் உங்கள் விருப்பம்.

படி 1: மடிப்பு

ஒரு ஏ4 தாளைப் பாதியாக வெட்டினால் 148 × 210 மி.மீ. கிடைக்கும். 210 பக்கத்தை 105-இல் மடித்தால் 105 × 148 அளவில் அட்டை தயார். தாளுக்கு இழை ஓடும் திசை ஒன்று உண்டு. மடிக்கும் முன் தாளை இரண்டு பக்கமும் லேசாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்தப் போக்கில் மடிப்பு விழுந்தால் ஓரம் வெடிக்காது. மடிக்கும் இடத்தில் ஸ்கேலை வைத்து, மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துவிட்டு மடியுங்கள். அழுத்தியதில் பின்பக்கம் புடைத்து நிற்கும் கோடு மடிப்பின் உள்பக்கம் வரவேண்டும்.

கரும்பச்சைத் தாளை 97 × 140, சந்தனத் தாளை 89 × 132 என்று வெட்டிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அடுக்கையும் சுற்றி 4 மி.மீ. ஓரம் தெரியும்.

படி 2: வெட்டுவது

அவசரப்படக் கூடாத இடம் இது. கட்டிங் பிளேட் (மெஷினோடு வரும் கெட்டியான பிளாஸ்டிக் தட்டு), அதன் மேல் தாள், தாளின் மேல் டை, அதற்கும் மேல் இன்னொரு கட்டிங் பிளேட் என்பது பொதுவான வரிசை. டையின் கூர் ஓரம் தாளைப் பார்த்தபடி இருக்க வேண்டும். மெஷினுக்கு மெஷின் பிளேட்களின் கனமும் எண்ணிக்கையும் மாறும். உங்கள் மெஷினோடு வந்த குறிப்பில் உள்ள அடுக்கு வரிசையையே பின்பற்றுங்கள்.

சந்தனத் தாளில் சுமார் 70 மி.மீ. வட்டத்தை மேலிருந்து 15 மி.மீ. விட்டு நடுவில் வையுங்கள். டை நகராமல் இருக்க இரண்டு துண்டு டேப் ஒட்டுங்கள். உரித்தால் தாளைக் கிழிக்காத, ஒட்டும் தன்மை குறைந்த டேப்பாக இருக்கட்டும். இனி கைப்பிடியைச் சுற்றலாம். பிளேட் 'கடக் முடக்' என்று சத்தம் போடும், பயப்பட வேண்டாம். ஆனால் கைப்பிடி நகரவே மறுத்தால் பலம் காட்டாதீர்கள். பின்னால் சுற்றி வெளியே எடுத்து, அடுக்கு அதிகமாகிவிட்டதா என்று பாருங்கள்.

சில இடம் வெட்டுப்படாமல் இருந்தால் டையை எடுத்துவிட வேண்டாம். டேப் அப்படியே இருக்க, அடியில் ஒரு சாதாரண பிரிண்டர் தாளைச் செருகி மறுபடி ஒருமுறை அனுப்புங்கள். அந்த ஒரு தாள் கனமே பெரும்பாலும் போதும். பிளேட்டில் கீறல் விழுவது இயல்புதான். ஒவ்வொரு முறையும் பிளேட்டைத் திருப்பிப் போட்டு வந்தால் அது ஒரே பக்கமாக வளையாது.

கொடி மாதிரி நுணுக்கமான டையில் தாள் உள்ளே சிக்கிக்கொள்ளும். வெட்டும்போதே டைக்கும் தாளுக்கும் நடுவே ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் சுலபமாகக் கழன்று வரும். அப்படியும் வராவிட்டால் டையின் பின்னால் உள்ள சின்னத் துளைகள் வழியே குண்டூசியால் மெல்லத் தள்ளுங்கள். நுனியைப் பிடித்து இழுத்தால் காம்பு அறுந்துவிடும்.

மூன்று கொடி, மூன்று பெரிய பூ, மூன்று சின்னப் பூ வெட்டிக்கொள்ளுங்கள். வெட்டி எடுத்த வட்டத்தைத் தூக்கிப் போடாதீர்கள், அட்டையின் உள்ளே ஒட்ட உதவும்.

படி 3: இதழுக்கு வளைவு

தட்டையான பூவை அப்படியே ஒட்டினால் ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். முதலில் ஸ்பாஞ்சில் துளி மை தொட்டு, இதழ்களின் ஓரத்தில் லேசாகத் தடவுங்கள். பிறகு பூவை மெத்தென்ற துணி மேல் குப்புற வைத்து, உருண்டை முனை உள்ள ஏதாவது ஒன்றால் ஒவ்வொரு இதழையும் சின்ன வட்டமாகத் தேயுங்கள். இதழ் தானாகக் குவிந்து எழும். அடுத்து பூவை நிமிர்த்தி நடுவில் ஒருமுறை அழுத்துங்கள். பெரிய பூ மேல் சின்னப் பூவை, இதழ்கள் ஒன்றின் மேல் ஒன்று வராமல் சற்றுத் திருப்பி ஒட்டினால் முழுப் பூ.

படி 4: பசை இல்லாமல் ஒரு ஒத்திகை

இன்னும் எதையும் அட்டையில் ஒட்ட வேண்டாம். பச்சைத் தாள், அதன் மேல் சந்தனத் தாள், வட்டத்தின் இடது கீழ் ஓரத்தில் கொடிகள், அவை சேரும் இடத்தில் பூக்கள் என்று சும்மா வைத்துப் பாருங்கள். மூன்று பூவையும் வரிசையாக வைக்காமல் ஒரு முக்கோணமாக நெருக்கி வையுங்கள். கொடியின் நுனி வட்டத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும். வட்டத்தின் வலது பாதி காலியாகவே இருக்கட்டும். அங்கேயும் ஏதாவது வைக்கக் கை பரபரக்கும், வைக்காதீர்கள். கண் ஓய்வெடுக்கும் இடம் அது. திருப்தியானதும் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கலையுங்கள்.

படி 5: ஒட்டுவது

முன்பக்கத்தில் கை வைக்கும் முன்பே அட்டையின் உள்ளே எழுத வேண்டியதை எழுதிவிடுங்கள். பூக்களை ஒட்டியபின் அட்டையை விரித்து எழுதினால் அவை மேசையில் நசுங்கும். 'வாழ்த்துகள்' என்பதை ஒரு குறுகலான பட்டையில் தனியாக எழுதிக் காயவிடுங்கள். அது வட்டத்துக்குக் கீழே வரும்.

பச்சைத் தாளை டபுள் சைடு டேப்பால் அட்டையில் ஒட்டுங்கள். பெரிய பரப்பில் ஈரப் பசை தடவினால் தாள் நெளியும். சந்தனத் தாளுக்கு மட்டும் ஃபோம் டேப், அதாவது இரண்டு பக்கமும் ஒட்டும், பஞ்சு போன்ற கனமான டேப். நான்கு ஓரத்திலும் வட்டத்தைச் சுற்றியும், முக்கியமாகப் பூக்கள் வரும் இடத்துக்கு நேர் பின்னாலும் ஒட்டுங்கள்; அங்கே வெற்றிடம் இருந்தால் பூவை அழுத்தும்போது தாள் உள்வாங்கும். வட்டத்தின் ஓரத்தில் நிழல் விழுவது இந்த ஃபோம் டேப்பால்தான்.

கொடிக்கு வெள்ளைப் பசை, அதுவும் காம்பில் மட்டும் புள்ளி புள்ளியாக. இலை நுனிகள் ஒட்டாமல் எழும்பி நிற்கட்டும். கடைசியாகப் பூக்கள், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு பெரிய சொட்டு. வெள்ளைப் பசை உடனே பிடிக்காது என்பதால் சில நிமிடங்கள் நகர்த்திச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். பூவின் நடுவே ஒரு முத்து வைத்தால் போதும், ஜிகினா தேவையில்லை.

இந்த அளவு அட்டைக்கு 114 × 162 மி.மீ. உள்ள சி6 உறை சரியாக இருக்கும். ஆனால் பூக்கள் உயரமாக வந்திருந்தால் உறைக்குள் திணிக்காதீர்கள், ஆழம் குறைந்த சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள். தபாலில் அனுப்புவதாக இருந்தால் இரண்டடுக்குப் பூவுக்குப் பதில் ஒற்றைப் பூ ஒட்டி, அட்டையின் முகத்தின் மேல் ஒரு கெட்டித் தாள் வைத்து உறையில் இடுங்கள்.