‘என் பாட்டைக் கேட்டியா?’ என்று கேட்காமலே பாட்டைக் கேட்க வைப்பது எப்படி?

சொந்தமாகப் பாட்டெழுதி, மெட்டமைத்து, படுக்கையறையிலேயே பதிவு செய்து வெளியிடுகிறவருக்கு லேபிளும் (பாட்டு வெளியிடும் நிறுவனம்) இல்லை, மேனேஜரும் இல்லை. பாட்டு வெளியான நாளிலிருந்து விளம்பரப் பிரிவு முழுக்க அவர் ஒருவர்தான். அதனால் போகிற இடத்திலெல்லாம், பிறந்தநாள் கொண்டாட்டமோ அலுவலக லிஃப்ட்டோ, பேச்சு எப்படியாவது புதுப் பாட்டில் வந்து முடிகிறது. கொஞ்ச நாளில் அவர் வருவதைப் பார்த்ததும் ஆட்கள் வராத போன்காலை எடுத்துப் பேச ஆரம்பிக்கிறார்கள்.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. வெட்கத்தில் வாயே திறக்க மாட்டார்கள். மூன்று பாட்டு வெளியிட்ட பிறகு நெருங்கிய நண்பரே வந்து, “நீ பாடுவியா? சொல்லவே இல்லையே!” என்பார்.

இந்த விளக்கம் இரண்டு தரப்புக்கும் பொது. நான் சொல்லப் போவதெல்லாம் ஒரு விஷயத்திலிருந்து வருவது: எதிரில் நிற்பவருக்கு உங்கள் பாட்டைக் கேட்கச் சுலபமான வழி இருக்க வேண்டும், வேண்டாமென்றால் முகம் வாடாமல் நழுவவும் வழி இருக்க வேண்டும். நழுவும் வழியை அடைத்தால் மனிதர்கள் உங்களையே தவிர்ப்பார்கள், பாட்டு அப்புறம்தான்.

படி 1: கிளம்பும் முன் ஒரு லிங்க், ஒரு வரி

உங்களிடம் பத்துப் பாட்டு இருக்கலாம். கையில் ஒன்றை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு மிகப் பிடித்தது என்பதைவிட, சீக்கிரம் உள்ளே இழுப்பது எது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீமாக, அதாவது ஒருமுறை கேட்டதாக, கணக்காகும். குரல் வருவதற்கே ஒரு நிமிடம் ஆகும் பாட்டைப் புதியவரிடம் முதலில் கொடுத்தால், அவர் குரலைக் கேட்காமலே போய்விடக்கூடும்.

ஒருவர் ஸ்பாட்டிஃபை வைத்திருப்பார், ஒருவர் ஆப்பிள் மியூசிக், பலரிடம் யூடியூப் மட்டும். எல்லாச் செயலிக்கும் வழி காட்டும் ஒரே பக்கத்தை ஸ்மார்ட் லிங்க் என்பார்கள். பாட்டை வெளியிட்டுத் தரும் பல விநியோகச் சேவைகளே அதை உருவாக்கிக் கொடுக்கின்றன. அது இல்லையென்றால் யூடியூப் லிங்க் போதும், சந்தா இல்லாதவரும் கேட்கலாம். அந்த லிங்க்குக்கு ஒரு கியூஆர் கோடு செய்து போன் கேலரியில், தேடாமல் எடுக்கும் இடத்தில் வையுங்கள். எதிரில் ஒருவரை நிறுத்திவைத்துக்கொண்டு ஐந்நூறு புகைப்படங்களைத் தள்ளிக்கொண்டிருப்பது பார்க்கவே பரிதாபம்.

அடுத்து அந்த ஒரு வரி. “என்ன மாதிரி பாட்டு பண்றீங்க?” என்ற கேள்வி வரும். “எல்லா மாதிரியும்”, “ஒரு ஜானருக்குள்ள அடக்க முடியாது” என்பவையெல்லாம் கேட்டவரைத் திண்டாட வைக்கும் பதில்கள். அடுத்து அவர் என்ன கேட்பார்? இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “கிட்டாரும் குரலும் மட்டும்தான். தூக்கம் வராத ராத்திரிகளைப் பத்திப் பாடுறேன்.” அல்லது, “எலெக்ட்ரானிக் மியூசிக், வார்த்தையே கிடையாது. ராத்திரி தனியா வண்டி ஓட்டும்போது கேக்கிற மாதிரி இருக்கும்.” வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். நடுவில் மூச்சு வாங்க வேண்டியிருந்தால் வரி நீளம்.

படி 2: இன்று யாருடைய நாள்?

எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் இதை ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். திருமணம், பிறந்தநாள், பிரிவுபசாரம் எல்லாம் இன்னொருவருடைய நாள். அங்கே உங்கள் பாட்டு பேச்சில் வர வேண்டுமானால் அதை வேறு யாராவது எடுக்க வேண்டும். துக்க வீட்டில் யாராவது கேட்டால்கூட “அப்புறம் சொல்றேன்” என்பதோடு நிறுத்துங்கள். ஓப்பன் மைக் (யாரும் ஏறிப் பாடும் மேடை), ஜாம் (கூடி வாசிப்பது), இசைக்காரர்கள் சந்திப்பு போன்ற இடங்களில் இந்தத் தயக்கம் தேவையில்லை. அங்கே எல்லோரும் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

ப்ளூடூத் ஸ்பீக்கர் விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இது. யாரோ பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். “நான் ஒண்ணு போடட்டுமா?” என்று வாங்கி, தன் பாட்டைப் போட்டுவிட்டு, அறையில் உள்ளவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பது. அந்த நான்கு நிமிடம் அங்கே யாரும் பாட்டுக் கேட்பதில்லை. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். முடிந்ததும் “சூப்பர்” என்பார்கள். வேறு எதையும் சொல்ல நீங்கள் இடம் விடவில்லையே.

வீட்டுக்காரரே “உன் பாட்டைப் போடேன்” என்று கேட்டால் தாராளமாகப் போடுங்கள். ஒன்று மட்டும். முன்னுரை வேண்டாம், “இந்த இடத்தைக் கவனிங்க” வேண்டாம், சத்தத்தை ஏற்ற வேண்டாம். முடிந்ததும் போனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நடுவில் அறியாதவர் ஒருவர் தலையைத் திருப்பி “இது யாரு பாடினது?” என்று கேட்டால், அதற்கு இணையான விளம்பரத்தைப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

படி 3: ஒரு வரி சொல்லிவிட்டு நிறுத்துங்கள்

“நீங்க என்ன பண்றீங்க?” என்று கேட்கிறார்கள். வேலையைச் சொல்லுங்கள், இசையையும் அதே மூச்சில் சொல்லுங்கள். “சும்மா ஏதோ கொஞ்சம் பாடுவேன்” என்று குழைய வேண்டாம். அது எதிரில் இருப்பவரை உங்களுக்குத் தைரியம் சொல்லும் வேலையில் மாட்டிவிடும். சொன்ன பிறகு நிறுத்துங்கள். இங்கிருந்து பேச்சு அவர் கையில்.

“ஓ, நல்ல விஷயம்” என்று சொல்லிவிட்டு அவர் கண் வேறெங்கோ போகிறதா? முடிந்தது. அவரைப் பற்றிக் கேளுங்கள். “அப்படியா, எங்க கேக்கலாம்?” என்கிறாரா? கதவு திறந்துவிட்டது. இதற்கு நடுவே நிற்கும் ஆட்களும் உண்டு: ஆர்வம் இருக்கும், எப்படிக் கேட்பதென்று தெரியாது. அவர்களுக்காக ஒரே ஒரு நூலை விட்டு வைக்கலாம்: “போன வாரம்தான் ஒண்ணு வெளியாச்சு.” பிடிப்பவர் பிடித்துக்கொள்வார்.

படி 4: லிங்க்கைக் கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்

“அனுப்புங்க” என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்த பிறகே லிங்க். இரைச்சலான இடத்தில் போன் ஸ்பீக்கரைக் காதருகே பிடித்துக் கேட்க வைக்காதீர்கள். போன் ஸ்பீக்கரில் பேஸ் வராது. குரலையும் கருவிகளையும் சேர்த்து நீங்கள் பல இரவுகள் உட்கார்ந்து சரிசெய்த மிக்ஸ் அங்கே கொசுச் சத்தமாகத்தான் கேட்கும். உங்கள் இயர்போனை அடுத்தவர் காதில் திணிப்பது பற்றி நான் சொல்லவே வேண்டியதில்லை. அவருடைய போனை வாங்கி நீங்களே ஃபாலோ பொத்தானை அமுக்கிக் கொடுப்பதும் அதே ரகம்தான், இதைச் செய்பவர்கள் வியக்கத்தக்க அளவில் இருக்கிறார்கள்.

அனுப்பும் செய்தி இவ்வளவு போதும்:

“நேத்து மாடியில பேசிட்டிருந்தோமே, அந்தப் பாட்டு இதுதான். நேரம் கிடைக்கும்போது கேளுங்க, அவசரமே இல்ல.”

லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பத்துப் பேருக்கு அனுப்புங்க என்று வால் சேர்க்காதீர்கள். அந்த நிமிடம்வரை அது ஓர் அறிமுகம். வால் சேர்ந்ததும் வேலைப் பட்டியல்.

அதற்குப் பிறகு “கேட்டீங்களா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள். கேட்காதவர் பொய் சொல்ல வேண்டி வரும், கேட்டுப் பிடிக்காதவரும் பொய் சொல்ல வேண்டி வரும். இந்த விஷயத்தில் தளங்களே நமக்கு உதவுகின்றன: ஸ்பாட்டிஃபையில் கலைஞர்களுக்கான பக்கம் எத்தனை பேர் கேட்டார்கள், எந்த ஊர்களில் என்று காட்டும், யார் யார் என்று காட்டாது. தெரியாமல் இருப்பதே நட்புக்கு நல்லது.

அவராகவே வந்து “நல்லா இருந்துச்சு” என்றால் “நன்றி, சந்தோஷம்” போதும். “எந்த இடம் பிடிச்சது?” என்று வாய்மொழித் தேர்வு வைக்காதீர்கள்.

படி 5: குழு, ஸ்டேட்டஸ், தனிச்செய்தி

நீங்கள் வழக்கமாகப் பேசும் வாட்ஸ்அப் குழுவில், ஒரு வெளியீட்டுக்கு ஒரு பதிவு. வருடம் முழுக்க மௌனமாக இருந்துவிட்டுப் பாட்டு வந்த அன்று மட்டும் முளைத்தால், அது எல்லோர் கண்ணிலும் படும். பள்ளிப் பெற்றோர் குழு, குடியிருப்போர் குழு, அலுவலகப் பணிக்குழு மூன்றிலும் போடவே வேண்டாம்.

கேட்காமல் ஒரு குழு தொடங்கி எல்லோரையும் அதில் இழுத்துப் போடுவது மிக மோசம். வெளியேறினால் உங்களுக்குத் தெரியும் என்ற சங்கடத்திலேயே பலர் உள்ளே கிடப்பார்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் பரவாயில்லை: 256 பேர்வரை சேர்க்கலாம், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். எல்லாவற்றிலும் மென்மையானது ஸ்டேட்டஸ். 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், பார்க்க விரும்புகிறவர் மட்டும் தொட்டுப் பார்ப்பார்.

இன்ஸ்டாகிராமில் உங்களைப் பின்தொடராத ஒருவருக்கு, அவர் ஏற்கும்வரை ஒரே ஒரு செய்திதான் அனுப்ப முடியும், அதுவும் எழுத்தாக மட்டும். 2023-இல் கொண்டுவந்த கட்டுப்பாடு. அந்த ஒன்றை “ஹாய்” என்று வீணாக்காதீர்கள். போஸ்டரில் ஐம்பது நண்பர்களை டேக் செய்வதற்குப் பதிலாக, பாட்டில் உண்மையிலேயே வேலை செய்தவர்களை டேக் செய்யுங்கள். வாசித்தவர், மிக்ஸ் செய்தவர், அட்டைப்படம் வரைந்தவர். அவர்கள் சந்தோஷமாகப் பகிர்வார்கள்.

இன்னொரு ஆசையும் இங்கே தலைகாட்டும். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,000 ஸ்ட்ரீம் தொட்டால்தான் அதற்கு ராயல்டி, அதாவது பணம். எண்ணிக்கை 700-இல் நிற்கும்போது, “ராத்திரி மியூட்ல போட்டுட்டுத் தூங்குடா” என்று நண்பர்களிடம் கேட்கத் தோன்றும். கேட்காதீர்கள். மனிதர் உண்மையில் கேட்காத ஓட்டங்களைத் தளம் போலியாகக் கருதி நீக்கக்கூடும், பாட்டுக்கே சிக்கல் வரலாம். நண்பரை அதற்குக் கூட்டாளியாக்குவது அதைவிடச் சங்கடம்.

படி 6: அடுத்தவர் மேடையில்

இன்னொரு கலைஞரின் நிகழ்ச்சிக்குப் போகிறீர்கள். டிக்கெட் வாங்கிப் போங்கள், “நானும் ஆர்ட்டிஸ்ட்தான்” என்று வாசலில் பேரம் பேச வேண்டாம். அவர் பாடும்போது கூட்டத்தில் உங்கள் அட்டைகளை விநியோகிக்காதீர்கள். அவர் மேடையிலிருந்து இறங்கியதும் ஓடிப்போய் உங்களை அறிமுகம் செய்துகொள்ளவும் வேண்டாம். அந்த நேரம் அவர் கேபிள் சுற்றிக்கொண்டிருப்பார், அடுத்த குழுவுக்கு மேடையைக் காலி செய்ய வேண்டியிருக்கும், வியர்த்துப் போயிருப்பார். பத்து நிமிடம் கழித்துப் போய், குறிப்பாக ஏதாவது சொல்லுங்கள்: “மூணாவது பாட்டுல டிரம்ஸை நிறுத்திட்டுக் குரலை மட்டும் விட்டீங்களே, அது பிரமாதம்.” சொல்லிவிட்டு விலகிவிடுங்கள். உங்கள் பெயரை அவர் கேட்டால் சொல்லுங்கள். அடுத்த நிகழ்ச்சியில் அவருக்கு முன்னால் மேடையேறிப் பாட வாய்ப்பு வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் கழித்துச் செய்தி அனுப்புங்கள். அவருடைய பதிவுக்குக் கீழே “என் பாட்டையும் கேளுங்க” என்று எழுதுவது அவர் வீட்டுச் சுவரில் போஸ்டர் ஒட்டுவது மாதிரி.

நீங்களும் அதே மேடையில் பாடுகிறவர் என்றால் கணக்கு கொஞ்சம் மாறும். கொடுத்த நேரத்துக்குள் முடியுங்கள். 20 நிமிடம் என்றால் பேச்சையும் சேர்த்து 20. உங்கள் முறை முடிந்ததும் நண்பர் பட்டாளத்தோடு கிளம்பிவிடாதீர்கள். அடுத்துப் பாடுகிறவர் பாதி காலியான அறையைப் பார்த்துப் பாட நேரும், உங்கள் பெயரை அவர் மறக்க மாட்டார். சவுண்ட் இன்ஜினியருக்கு மைக்கிலேயே பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள்.

மேடையிலிருந்து லிங்க் சொல்ல ஒரு முறைதான் உரிமை. அதைக் கடைசிப் பாட்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பாட்டு முடிந்த பிறகு சொன்னால் கைதட்டலிலும் நாற்காலிச் சத்தத்திலும் அது மூழ்கிவிடும். உங்கள் பெயர், பாட்டின் பெயர், கியூஆர் கோடு எங்கே ஒட்டியிருக்கிறது. இவ்வளவே.

பெரிய தயாரிப்பாளர் யாரையாவது சந்தித்தால் கையில் பென் டிரைவைத் திணிக்காதீர்கள். “ஒரு பாட்டு அனுப்பலாமா, எதுல அனுப்பினா வசதி?” என்று கேளுங்கள். தரவிறக்கம் தேவைப்படாத லிங்க்காக அனுப்புங்கள்.

படி 7: நண்பர்கள்

கருத்து வேண்டுமென்றால் வெளியீட்டுக்கு முன்பே கேளுங்கள், குறிப்பான கேள்வியாகக் கேளுங்கள்: “ரெண்டாவது சரணம் நீளமா இருக்கா?” வெளியான பிறகு “எப்படி இருக்கு, உண்மையைச் சொல்லு” என்று கேட்பது பாராட்டுக்குத் தூண்டில் போடுவதுதான், பாட்டை இனி மாற்றப் போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். முன்பே கேட்டு, அவர் “ஆமா, நீளம்தான்” என்றால் வாதாடாதீர்கள். மாற்றுவதும் விடுவதும் உங்கள் இஷ்டம், ஆனால் அடுத்த முறையும் அவர் உண்மையைச் சொல்ல வேண்டும்.

நிகழ்ச்சிக்கு யார் வரவில்லை என்று மனதுக்குள் பதிவேடு வைக்காதீர்கள். உங்களை நேசிக்கிற ஒருவருக்கு உங்கள் இசை பிடிக்காமல் இருக்கலாம், அதில் துரோகம் எதுவும் இல்லை. வாசித்துக் கொடுக்கும் நண்பருக்குப் பணம் கொடுங்கள். அவரே வேண்டாமென்றால் சரி, அந்த முடிவை நீங்கள் எடுக்காதீர்கள்.

படி 8: அடுத்த ரிலீஸுக்கு

வீடு திரும்பியதும் போனில் ஒரு குறிப்பைத் திறந்து, இன்று தானாகவே லிங்க் கேட்டவர்களின் பெயரையும் எங்கே சந்தித்தீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அடுத்த பாட்டு வரும்போது தனிச்செய்தி இவர்களுக்கு மட்டும். ஸ்பாட்டிஃபையில் உங்களைப் பின்தொடர்கிறவர்களுக்கு நீங்கள் தனியாகச் சொல்லத் தேவையில்லை: வெளியீட்டுக்குக் குறைந்தது 7 நாள் முன்பு கலைஞர் பக்கத்திலிருந்து பாட்டை ஸ்பாட்டிஃபையின் பட்டியல் ஆசிரியர்களுக்குப் பரிந்துரையாக அனுப்பிவிட்டால், அவர்களுடைய ரிலீஸ் ரேடார் என்ற புதுப் பாட்டுப் பட்டியலில் அது தானாகவே சேரும். மற்றவர்கள் ஸ்டேட்டஸில் பார்த்துக்கொள்ளட்டும். குறிப்பில் நான்கு பெயர்தான் இருக்கிறதென்றால், அந்த நான்கு பேருக்கு மட்டும் அனுப்புங்கள்.