பெங்களூரிலிருந்து மங்களூர்: மேடும் கடலும் சேர்ந்த ஊருக்குத் திட்டம் போடுவது எப்படி?

மங்களூர் போகிறோம் என்று சொன்னால் பெங்களூரில் பெரும்பாலோர் கேட்பது, "எந்த பீச் நல்லா இருக்கும்?" என்றுதான். முதலில் கேட்க வேண்டியது அது இல்லை. மங்களூர் கடலோர ஊர்தான், ஆனால் சமதரை ஊர் இல்லை. குன்றுகளின் மேலும் சரிவுகளிலும் ஊர் பரவிக் கிடக்கிறது. தெற்கே நேத்ராவதி, வடக்கே குருபுரா என்று இரண்டு ஆறுகள். இரண்டும் பழைய துறைமுகத்தின் அருகே சேர்ந்து கடலில் விழுகின்றன. மேப்பில் ஒரு கிலோமீட்டர் என்று இருப்பது கால்நடையாகப் போனால் செங்குத்து ஏற்றமாக இருக்கும். கண்ணெதிரே அக்கரையில் தெரியும் மணலுக்குச் சாலை வழியாகப் போனால் ஊரைச் சுற்ற வேண்டியிருக்கும். எனவே மேடு எது, ஆறு எது, கடல் எது என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பாதித் திட்டம் அதிலேயே முடிந்துவிடும்.

அல்சூரிலும் சிவாஜிநகரிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் கேட்கும்போது நான் சொல்லும் வரிசையிலேயே எழுதுகிறேன். சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் கணக்கு.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை கொட்டும். பச்சைப் பசேலென்று இருக்கும், உண்மைதான். ஆனால் கடலில் இறங்க முடியாது, மலைப்பகுதியில் மண் சரிந்தால் ரயிலும் சாலையும் மூடப்படும். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு. மீன் சாப்பிடுவதற்காகவே போகிறவர்கள் அந்த இரண்டு மாதத்தைத் தவிர்த்துவிடுவது நல்லது.

ஏப்ரல், மே மாதங்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 32 டிகிரியைப் பெரிதாக நினைக்க மாட்டோம். அங்கே அதே 32 டிகிரியில், காற்றின் ஈரப்பதத்தால், காலை பத்து மணிக்கே சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளின் கோடை லீவில்தான் போக முடியும் என்றால் போங்கள், ஆனால் மதியத்தில் வெளியே சுற்ற எதுவும் வைக்காதீர்கள்.

படி 2: பகல் ரயிலா, ராத்திரி ரயிலா?

சாலை வழியாகப் போனால் சுமார் 350 கிலோமீட்டர். ராத்திரி பஸ் ஏறி காலையில் இறங்குவதுதான் பலருக்கும் வழக்கம். முதல் தடவை என்றால் ஒரு பக்கமாவது பகல் ரயிலில் போங்கள் என்பேன். யஷ்வந்த்பூரிலிருந்து காலையில் கிளம்பும் ரயில் சக்லேஷ்பூர் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கத் தொடங்கும். சக்லேஷ்பூருக்கும் சுப்ரமண்யா ரோடு நிலையத்துக்கும் இடையே சுமார் 55 கிலோமீட்டர். அதற்குள் 57 சுரங்கங்கள், நூற்றுக்கும் மேல் பாலங்கள். சரிவு 50-க்கு 1, அதாவது 50 மீட்டர் போவதற்குள் ஒரு மீட்டர் இறங்கும். அதனால் வண்டி மிக மெதுவாகத்தான் போகும், வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு அது லாபம். மீட்டர் கேஜாக இருந்த இந்தப் பாதையை அகலப்பாதையாக்கி 2007-இல்தான் பயணிகள் ரயில் மறுபடி விட்டார்கள். பெரிய கண்ணாடி ஜன்னலும் கண்ணாடிக் கூரையும் உள்ள விஸ்டாடோம் பெட்டி 2021-இல் வந்தது. கட்டணம் அதிகம். சாதாரண ஜன்னல் இருக்கையிலும் அதே மலைதான் தெரியும், காற்றும் வரும்; என் ஓட்டு அதற்குத்தான்.

டிக்கெட் எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். மங்களூரில் சென்ட்ரல், ஜங்ஷன் என்று இரண்டு நிலையங்கள். சென்ட்ரல் ஊருக்குள் இருக்கிறது. ஜங்ஷன் கங்கநாடிக்கு அப்பால், சற்றுத் தள்ளி. கார்வார் பக்கம் போகும் ரயிலாக இருந்தால் அது மங்களூரில் எங்கே நிற்கிறது என்று நிறுத்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு எடுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். நீண்ட வார இறுதி என்றால் திறக்கிற அன்றே எடுத்துவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை லீவு போட முடிந்தால் பகல் ரயிலில் போய் மாலையில் சேர்ந்துவிடலாம். முடியாதென்றால் வெள்ளி ராத்திரி போய், திரும்புவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் திங்கட்கிழமை லீவு வேண்டும்.

படி 3: தங்குமிடம்

ஹம்பன்கட்டா சுற்றுவட்டாரம் போதும். சென்ட்ரல் நிலையம் பக்கம். டவுன் பஸ்கள் கிளம்பும் இடமும் பக்கம். அந்த பஸ் ஸ்டாண்டின் பெயரே ஸ்டேட் பேங்க்தான், ஏடிஎம் என்று நினைத்துக் குழம்ப வேண்டாம். கடலோர ரிசார்ட் ஆசை இருந்தால் அடுத்த தடவை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: காகிதத்தில் மூன்று பத்தி போடுங்கள்

மேடு, ஆறு, கடல் என்று தலைப்பு போட்டு, பார்க்க நினைக்கும் இடங்களை அந்தந்தப் பத்தியில் எழுதுங்கள்.

மேட்டில் முக்கியமானவை இரண்டு. ஒன்று கத்ரி. மஞ்சுநாதர் கோயிலில் இருக்கும் வெண்கல லோகேஸ்வரர் சிலையின் கல்வெட்டு கி.பி. 968-ஆம் ஆண்டைச் சொல்கிறது. அந்தச் சிலைக்கு முன் அவசரப்படாமல் நில்லுங்கள். கோயிலுக்குப் பின்னால் குளங்கள், அதற்கும் மேலே படியேறினால் குகைகள். முட்டி வலி உள்ள அத்தை, மாமா உடன் வந்தால் அவர்களைக் குளக்கரையோடு நிறுத்திவிடுங்கள். இன்னொன்று லைட்ஹவுஸ் ஹில்லில் உள்ள செயின்ட் அலோசியஸ் சேப்பல். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கட்டடம். உள்ளே சுவர், விதானம் எல்லாவற்றிலும் ஓவியம். இத்தாலியிலிருந்து வந்த இயேசு சபைச் சகோதரர் அந்தோனியோ மோஷேனி 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்தவை. கல்லூரி வளாகத்துக்குள் இருப்பதால் பூசை நேரத்தையும் விசேஷ நாட்களையும் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஆற்றுப் பத்தியில் சுல்தான் பத்தேரி. திப்பு சுல்தான் குருபுரா ஆற்றின் மேல் ஒரு கண் வைத்திருக்கக் கட்டிய காவல் மேடை. சின்ன இடம், கால் மணி நேரம் போதும். அங்கிருந்து ஆற்றைக் கடந்து தண்ணீர்பாவி பக்கம் போக ஃபெர்ரி உண்டு, மழைக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள்.

கடல் பத்தியில் தண்ணீர்பாவி, பணம்பூர், தெற்கே நேத்ராவதி தாண்டி உள்ளால், சோமேஷ்வர்.

படி 5: பத்திகளைக் கடிகாரத்தோடு சேருங்கள்

இது மேற்குக் கடல். மெரினாவில் சூரியன் உதிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கே காலையில் அலாரம் வைத்து பீச்சுக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. மேட்டைக் காலையில் முடியுங்கள், மதியம் சாப்பிட்டுப் படுங்கள், நான்கு மணிக்குக் கீழே இறங்குங்கள். டிசம்பரில் ஆறு மணியை ஒட்டி சூரியன் மறையும். மே மாதத்தில் ஏழுக்குச் சற்று முன்.

சனிக்கிழமை: காலையில் கத்ரி, பிறகு சேப்பல். மாலையில் சுல்தான் பத்தேரி பார்த்து, ஃபெர்ரி ஏறி, தண்ணீர்பாவி. கிளம்பும் முன் கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதைத் தவறவிட்டால் ஆட்டோதான், அதுவும் பெரிய சுற்று.

ஞாயிற்றுக்கிழமை: காலையில் குத்ரோளி கோகர்ணநாதர் கோயில். நாராயண குரு 1912-இல் பிரதிஷ்டை செய்தது. மங்களூர் தசரா நடப்பதும் இங்கேதான். மாலையில் சோமேஷ்வர்.

ஊருக்குள் சுற்ற தனியார் டவுன் பஸ்கள் நிறைய. பெங்களூரில் பேசும் கன்னடமே போதும். ஊரார் தங்களுக்குள் துளு, கொங்கணி, பியாரி என்று பேசிக்கொள்வார்கள். நீங்கள் கன்னடத்தில் கேட்டால் கன்னடத்திலேயே பதில் வரும்.

படி 6: சாப்பாடு

காலையில் பன்ஸ்: வாழைப்பழம் பிசைந்த மைதா மாவில் பொரித்த, லேசாக இனிக்கும் பூரி. மதியம் மீன் சாப்பாடு. பெயர்தான் புதிது, மீன் நமக்குத் தெரிந்ததுதான்: அஞ்சல் என்றால் வஞ்சிரம், காணே என்றால் கிழங்கான், பங்குடெ என்றால் அயலை. ரவா போட்டு வறுத்த காணேயை விட்டுவிடாதீர்கள். ராத்திரிக்குக் கோரி ரொட்டி, அதாவது மொறுமொறு அரிசி ரொட்டியின் மேல் தேங்காய் அரைத்த கோழிக் குழம்பு. குழம்பை ஊற்றி ரொட்டி ஊறும் வரை பொறுக்க வேண்டும் என்பவர்களும் உண்டு, உடனே கடிக்க வேண்டும் என்பவர்களும் உண்டு. நான் இரண்டாம் கட்சி. சைவக்காரர்களுக்கு நீர் தோசையும், மைதாவும் தயிரும் கலந்து பொரித்த போண்டாவான கோளி பஜேயும் எங்கேயும் கிடைக்கும். பழமும் ஜெல்லியும் சேர்த்து அடுக்கிய கட்பட் ஐஸ்கிரீம் ஒரு கிளாஸ் வாங்கினால் இரண்டு பேருக்குத் தாராளம்.

படி 7: கடலில் இறங்கும் முன்

குளிக்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் உயிர்காப்பாளர்கள் இருக்கும் பணம்பூரைத் தேர்ந்தெடுங்கள். சோமேஷ்வரில் பாறைகள் அதிகம். மேலே கோயில் பக்கம் நின்று பாருங்கள், ஈரப் பாறையில் ஏறி செல்ஃபி எடுக்க வேண்டாம். ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் பக்கம் எந்த மாதத்திலும் இறங்காதீர்கள், இழுப்பு பலமாக இருக்கும்.

பைக்குள் பருத்தித் துணியும், சரிவில் வழுக்காத செருப்பும், தண்ணீர் பாட்டிலும் இருந்தால் போதும். பெங்களூர் ஸ்வெட்டரை ராத்திரி ரயிலின் ஏசிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு ராத்திரியே திரும்புகிறவர்கள் சோமேஷ்வரிலிருந்து ஆறரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். நேத்ராவதி பாலத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வர முடியும். வார இறுதி மாலையில் அந்தப் பக்கம் நெரிசல் சாதாரணம்.