பழைய கான்கிரீட் கட்டடத்தை நிலநடுக்கத்துக்கு வலுவாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 ஜனவரி 26 அன்று குஜராத்தின் கட்ச் பகுதியில் நிலம் ஆடியபோது, 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்திலும் பல மாடிக் குடியிருப்புகள் இடிந்து விழுந்தன. அப்படி விழுந்தவை பலவற்றில் கீழ்த்தளம் கார் நிறுத்த விட்ட வெறும் தூண்கள். மேலே எல்லா மாடியிலும் செங்கல் சுவர். மேலே விறைப்பாக இருக்கும். ஆட்டம் முழுவதும் கீழ்த்தளத் தூண்களில் வந்து சேரும். சென்னையில் தெருவுக்குத் தெரு நிற்பதும் இதே அமைப்புதான். இந்த ஊர் 2002-இல்தான் இரண்டாம் நிலநடுக்க மண்டலத்திலிருந்து, ஆபத்து கூடிய மூன்றாம் மண்டலத்துக்கு மாறியது. அதற்கு முன் கட்டியவற்றுக்கு அதைவிடக் குறைந்த ஆட்டத்துக்குத்தான் கணக்குப் போட்டிருப்பார்கள்.

‘எங்கள் பில்டிங்கில் ஒரு விரிசல்கூட இல்லை’ என்று நிம்மதியாக இருப்பதுதான் முதல் தவறு. தினசரி எடையைத் தூண் தாங்குகிறது என்பதை மட்டுமே அது காட்டுகிறது. பக்கவாட்டில் ஆடும்போது தூணைக் காப்பாற்றுவது உள்ளே சுற்றிக் கட்டிய ரிங் கம்பிகள். பழைய கட்டடங்களில் அவை பெரும்பாலும் தள்ளித் தள்ளி இருக்கும். முனையை 90 டிகிரிக்கு மடித்திருப்பார்கள். ஆட்டத்தில் மேல்பூச்சும், கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட்டும் உதிர்ந்ததும் அந்த மடிப்பு விரிந்துவிடும். அப்புறம் நெடுக்குக் கம்பிகள் வெளியே பிதுங்கும், தூண் நசுங்கும். முனை 135 டிகிரிக்கு மடிந்து உள்ளே புதைந்திருந்தால் அது பிடித்துக்கொள்ளும். ஆகவே கம்பி கண்டறியும் கருவியால் ஸ்கேன் செய்து, பீம் சேரும் இடத்துக்கு அருகே சில தூண்களிலாவது கவரைக் கொத்திப் பார்க்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட்டின் வலுவை அறிய, மேற்பரப்பில் கருவியால் தட்டிப் பார்க்கும் சுத்தியல் சோதனையை மட்டும் நம்புவதும் தவறு. பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு காற்றுபட்டு இறுகியிருக்கும். கருவி உண்மையைவிட நல்ல எண்ணைக் காட்டும். துளையிட்டு ஓர் உருளைத் துண்டை (கோர்) எடுத்து ஆய்வகத்தில் நசுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

துருப்பிடித்த கம்பிமேல் சிமெண்ட் பூசி மூடுவதைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. உள்ளே துரு உப்பிக்கொண்டே போகும், பூச்சு மறுபடி பிளக்கும்.

அதிகம் காசு வீணாவது ஜாக்கெட்டிங்கில்தான். பார்க்கிங் தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, கான்கிரீட் ஊற்றி, ஸ்லாபுக்கு அடியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். பார்க்கத் தூண் தடியாக இருக்கும். ஆனால் ஆட்டத்தில் தூண் அதிகம் வளைவது பீமோடு சேரும் இடத்திலும் அடித்தளத்திலும். புதுக் கம்பி ஸ்லாபைத் துளைத்து மேல் மாடிக்குப் போக வேண்டும், கீழே அடித்தளத்தில் ஊன்ற வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் மிகத் தேவையான இடத்தில் பழைய தூண்தான் தனியாக நிற்கிறது. தூணை விட்டுவிட்டு பீமை மட்டும் பலப்படுத்துவது இன்னும் மோசம்: பீம் முறிவதற்கு முன் தூண் முறியும்.

எனக்கு மிகுந்த கவலை தருவது அரைச்சுவர். பார்க்கிங்கில் தடுப்பு வேண்டும் என்று தூண்களுக்கு நடுவே பாதி உயரத்துக்குச் செங்கல் வைத்து இறுக்கிக் கட்டிவிடுகிறார்கள். தூணின் வளையும் உயரம் பாதியானால் அதன் விறைப்பு ஏறக்குறைய 8 மடங்காகிறது. பக்கத்துத் தூண்களின் பங்கையும் அதுவே இழுத்துக்கொண்டு, குறுக்காக வெட்டுண்டு போகும். கட்டியே ஆக வேண்டுமென்றால், சுவருக்கும் தூணுக்கும் இடையே இடைவெளி விட்டு, சுவர் சாயாதபடி தனியாகத் தாங்கல் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் முழுச்சுவர் எழுப்பினால் கட்டடம் முறுக்கிக்கொண்டு ஆடும்; அதையும் செய்யாதீர்கள்.

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் காண்ட்ராக்டரின் கொட்டேஷனோடு வேலையைத் தொடங்கிவிடாதீர்கள். முதலில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் போங்கள். ஏற்கெனவே நிற்கும் கான்கிரீட் கட்டடங்களை மதிப்பிட்டு வலுவூட்டுவதற்கென்றே 2013-இல் ஐஎஸ் 15988 என்ற இந்தியத் தரநிலை வந்திருக்கிறது. அதன்படி வலுவூட்டலுக்கு முன் ஒரு கணக்கு, பின் ஒரு கணக்கு, இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். மொட்டை மாடியில் பின்னால் சேர்த்த தண்ணீர்த் தொட்டியும் கூடுதல் அறையும் அந்தக் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.